கிரேக்கத்துச் சேவல்

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் சமூக அறிவியலில் முப்பத்தாறு மார்க். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்றால், பக்கத்து இலைக்காரர் கேட்கும்வரை காத்திருந்து, அவருக்கு ஊற்றும்போது சேர்த்து வாங்கிக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் கிரேக்க நாட்டுச் சாமியையும் தத்துவத்தையும் பற்றி எழுத உட்கார்ந்தால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். பதினோரு வருஷம் நான் ஒரு விஷயத்தைத் தப்பாகத் தெரிந்து வைத்திருந்தேன். அந்தத் தப்பைத்தான் எழுதப் போகிறேன். அதை என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

யார் பெயரும் இதில் வராது. தன் பெயர் அச்சில் வருவது அக்காவுக்குப் பிடிக்காது. அந்தக் கிரேக்கப் பெரியவரின் பெயரையும் அதே மாதிரி விட்டுவிடுகிறேன். விஷம் குடித்தவர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கிழக்குத் தாம்பரத்தில், காலேஜுக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, ஸ்பைரல் போடும் கருவி, நான். என் கணவர் தொடங்கிய கடை. அவருக்கு மறைமலைநகரில் கம்பெனி வேலை கிடைத்ததும் சாவி என் கைக்கு வந்தது. எனக்குத் தோதான தொழில் இது. வருகிறவர்கள் "ரெண்டு காப்பி", "பேக் டு பேக்", "நாப்பத்தொண்ணுலேர்ந்து அறுபது வரைக்கும்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் தலையை ஆட்டினால் போதும்.

மெஷினில் சில நேரம் பேப்பர் மாட்டிக்கொள்ளும். சில நேரம் மை மங்கி வரும். சில நேரம் தாளைக் கோணலாக இழுத்து, ஓரத்து எழுத்தையும் பக்க எண்ணையும் வெட்டிவிடும். அந்தத் தாள்களை வேஸ்ட் என்று ஒதுக்கிவிட்டு வேறு காப்பி எடுப்போம். ஒதுக்கியதைக் கசக்கிப் போட எனக்கு மனசு வராது. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், மளிகை லிஸ்ட் எழுத ஆகும் என்று மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பேன். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடைக்கு ஈ, காக்கா வராது. அப்போது பெட்டியிலிருந்து எடுத்துப் படிப்பேன். முன்பக்கத்தைத்தான்.

எங்கள் பக்கம் அஞ்சல் வழியில் சரித்திரம் படிக்கிறவர்கள் அதிகம். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் அதைவிட அதிகம். எல்லாரும் தமிழில் தட்டச்சு செய்த நோட்ஸ் கொண்டு வருவார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதில் கிரேக்கப் பாடம் வந்துவிடும். மதம், தத்துவம், கலை என்று மூன்று தலைப்பு. அப்படித்தான் எனக்கு அந்த நாடு தெரியும். ஒரு தாள் இங்கே, ஒரு தாள் அங்கே.

அவர்களுடைய பளிங்குச் சிலைகள் இப்போது வெள்ளையாக இருந்தாலும், செய்த காலத்தில் சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசித்தான் வைத்திருந்தார்களாம். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் கோபுரத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் இனிமேல் மனசுக்குள்ளாவது பதில் சொல்லலாம். நாடகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு நடிப்பார்களாம். அது எனக்கு மிகவும் பிடித்தது. வைத்தியத்துக்கென்று ஒரு சாமி இருந்ததாம். நோயாளிகள் அந்தக் கோயில் கூடத்திலேயே படுத்துத் தூங்குவார்கள், சாமி கனவில் வந்து குணப்படுத்தும், குணமானவர்கள் கை, கால், கண் என்று மண்ணில் செய்து கோயிலில் வைப்பார்கள் என்று இருந்தது. தகட்டில் கண்ணும் காலும் வாங்கி உண்டியலில் போடுகிற ஊரில் பிறந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பலி கொடுத்தால் எலும்பையும் கொழுப்பையும் நெருப்பில் போட்டு அந்தப் புகையைச் சாமிக்கு அனுப்பிவிட்டு, கறியை ஊரார் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள் என்றும் ஒரு தாளில் இருந்தது. கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தத்துவத்தில்தான் திண்டாட்டம். உலகத்தில் எல்லாமே தண்ணீரிலிருந்து வந்தது என்றார் ஒருவர். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுகிற முடிச்சூர் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்று தொடங்குகிற இடத்தில் என் தாள் முடிந்துவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான். கேள்வி என்னிடம் இருக்கும், பதில் காசு கொடுத்தவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

முழுசாக என்னிடம் இருந்தது ஒரே கதை. அது இரண்டு தாளில் இருந்தது. ஒரே நாளில் பெட்டிக்கு வந்தவை, ஒரே எழுத்து, இரண்டிலும் பக்க எண்ணை மெஷின் கடித்திருந்தது.

முதல் தாளில் ஒரு பெரியவர். எழுபது வயசு. சந்தையில் நின்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர். உனக்குத் தெரியும் என்கிறாயே, அது உண்மையிலேயே தெரியுமா என்று கேட்பாராம். ஊருக்குப் பிடிக்கவில்லை. சாமியை மதிக்கவில்லை, பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று வழக்குப் போட்டு, விஷம் குடிக்க வேண்டும் என்று தீர்ப்பு. தப்பிப் போக வழி இருந்தும் போகவில்லை. குடித்தார். முதலில் கால் மரத்தது. குளிர்ச்சி மெல்ல மேலே ஏறி இடுப்புவரை வந்தது. அப்போது முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, வைத்தியக் கடவுளுக்கு ஒரு சேவல் என்றார். வாக்கியம் முடியாமல், அதோடு தாள் முடிந்தது.

இரண்டாவது தாள் இப்படித் தொடங்கியது: காணிக்கையாகச் செலுத்திவிட்டு, பொழுது விடிந்ததும் குணமடைந்த நோயாளி வீடு திரும்பினார்.

நான் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைத்துவிட்டேன்.

இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஆனால் நான் வளர்ந்த இடத்தில், தப்புச் செய்யவில்லை என்று காட்டக் கொதிக்கிற எண்ணெயில் கைவிட்டு வடை எடுத்தவர்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தீ மிதித்துவிட்டு வந்து காலைக் காட்டுகிறவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஊர் விஷம் கொடுத்தது, சாமி காப்பாற்றியது, அவர் மேல் குற்றமில்லை என்று நிரூபணம் ஆனது, வேண்டிக்கொண்ட சேவலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இதில் எங்கே இடிக்கிறது?

பதினோரு வருஷம் இந்தக் கதை எனக்கு மட்டும் தெரிந்த கதையாக இருந்தது. அதை நான் சொன்ன ஒரே ஆள் என் அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. என்னைவிட ஆறு வயசு பெரியவள். கோவிலம்பாக்கத்தில் வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிறு கனத்தது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் என்ன கட்டி என்று தெரியும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அக்கா இரண்டு மாதம் தள்ளிப் போட்டாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, கெஞ்சினார், திட்டினார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அவள் அசையவில்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தோம். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மா வயிற்றில் ஆபரேஷன் என்று உள்ளே போனாள். மயக்கம் தெளியவில்லை. அம்மாவின் கம்மலையும் மூக்குத்தியையும் முந்தானையில் முடிந்துகொண்டு அன்று முழுவதும் வாசலில் நின்றவள் அக்கா. "ஊசி போட்டா நானும் அம்மா மாதிரி போயிடுவேன்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். அவள் கிரைண்டரில் அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ஒரு கதை சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். "இன்னாடி இது அதிசயம்? நீயா பேசறே?"

"கிரேக்க நாட்டுல ஒரு பெரியவரு இருந்தாரு."

"எங்க கீது அது?"

"தூரம்."

"சரி, சொல்லு."

சொன்னேன். வழக்கு, தீர்ப்பு, விஷம் எல்லாம். கால் மரத்த இடம் வந்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரும் அதான் சொன்னாரு. முதுகுல ஊசி போட்டா கால்தான் மொதல்ல மரத்துப் போவுமாம்."

"இவருக்கும் அப்படித்தான். இடுப்பு வரைக்கும். அப்புறம் தூங்கிட்டாரு. காலையில எழுந்து சாமிக்குச் சேவல் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."

"இன்னா சாமி?"

"வைத்தியம் பண்ற சாமி. கோயில்ல பாம்பு இருக்குமாம்."

"சேவல் வாங்குதா?"

"வாங்குது."

"அப்ப நம்ம சாமிதான்" என்றாள் அக்கா. கிரைண்டருக்குள் ஒரு கை அரிசியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "நெஜமா நடந்ததா, இல்ல நீ கட்டி விடறியா?"

"பேப்பர்ல இருக்குக்கா. சரித்திரம்."

"வயசு இன்னா அவருக்கு?"

"எழுபது."

"எழுபது வயசுல வெஷத்தையே குடிச்சிட்டு ஏந்துக்கினு கீறான்" என்று சொல்லிவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். மறுநாள் காலையில் மாமா போன் செய்தார். ஒத்துக்கொண்டாள், தேதி வாங்கிவிட்டோம், வியாழக்கிழமை, நீ என்ன மந்திரம் போட்டாய் என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெராக்ஸ் பேப்பருக்கும் ஒரு மரியாதை உண்டு என்று அன்றைக்குக் கடையை இரண்டு முறை பெருக்கினேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு காலேஜ் பெண் ஸ்கூட்டரில் வந்தாள். கையில் ஸ்பைரல் போட்ட தடிமனான நோட்ஸ். "முழுசா ஒரு காப்பிக்கா. பேக் டு பேக்" என்றாள். கம்பியைப் பிரித்து ஒவ்வொரு தாளாக வைக்கத் தொடங்கினேன். இருபது பக்கம் தாண்டியதும் என் இரண்டாவது தாள் வந்தது. மதம் என்ற தலைப்பில். காணிக்கையாகச் செலுத்திவிட்டு, பொழுது விடிந்ததும். முந்தைய பக்கத்தோடு சேர்த்துப் படித்தால், வைத்தியக் கோயிலில் படுத்துத் தூங்கிய யாரோ ஒரு நோயாளியின் கதை. அதில் விஷமும் இல்லை, பெரியவரும் இல்லை. இது வேறு பாடம் போல, அவர் கதை பின்னால் வரும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கை வேகமாக நகரவில்லை.

தத்துவத்தில் என் முதல் தாள் வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த தாள். திருப்பினேன். அடுத்த பக்கத்தில் நாலு வரிதான் இருந்தது. வைத்தியக் கடவுளுக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதே என்று பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார். ஆகட்டும், வேறு ஏதாவது உண்டா என்று நண்பர் கேட்டார். பதில் வரவில்லை. அதற்குக் கீழே வினாக்கள் என்று போட்டு, அவர் இறுதியாகச் சேவலைப் பற்றிக் கூறியதன் பொருளை விளக்குக, ஐந்து மதிப்பெண் என்று இருந்தது.

"என்னாச்சுக்கா? பேப்பர் மாட்டிக்கிச்சா?" என்றாள் அந்தப் பெண்.

கடையில் வாடிக்கையாளரிடம் நானாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "இவரு செத்துட்டாராம்மா?"

"யாரு?"

தாளைக் காட்டினேன்.

"அவரா? அவரு செத்து ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆகுதுக்கா" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"இந்தச் சேவலுக்கு என்ன அர்த்தம் போட்டிருக்காங்க?"

"அதுக்கு அஞ்சாறு விதமா சொல்றாங்கக்கா. ஒருத்தரும் உறுதியா சொல்லல. எதை எழுதினாலும் மார்க் குடுத்துடுவாங்க."

மீதிப் பக்கங்களை நான் எப்படி எடுத்துக் கொடுத்தேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் அக்கா போனில் பேசினாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சேர்த்துவிட்டிருந்தார்கள். "நாளைக்கு வரும்போது அந்தப் பேப்பரை எடுத்துக்கினு வா. இன்னொரு வாட்டி படி. கையெழுத்துப் போடணும்னு ஃபாரம் குடுத்தாங்க, தங்கச்சி வரட்டும்னு சொல்லிட்டேன்" என்றாள். சரி என்றேன். என் கணவரிடம் சொன்னபோது, "ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். உயிர் பெரிசா, உன் கிரேக்கர் பெரிசா?" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். மேடவாக்கம் தாண்டி மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் வண்டி நகரவில்லை. இரண்டு தாளும் என் பையில் இருந்தன. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்துதான் கிளம்பியிருந்தேன். உண்மைக்காக உயிரை விட்டவரின் கதையை வைத்துக்கொண்டே பொய் சொல்லப் போகிறோமே என்றெல்லாம் பெரிதாக எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது வேறு. அக்கா எல்லாரிடமும் சண்டை போட்டு, எல்லாரையும் சந்தேகப்பட்டு, கடைசியில் என் பேச்சை நம்பினாள். நான் பேசாதவள் என்பதால் நம்பினாள். பேசாதவள் வாயைத் திறந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு எண்ணம். அந்த ஒன்றைத்தான் நான் இத்தனை வருஷத்தில் சம்பாதித்திருக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். கட்டி உள்ளேயே இருக்கும். ஆட்டோ நகர்வதும் நிற்பதுமாக இருக்க, நானும் அப்படியே இருந்தேன்.

வார்டில் அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம், "இதான் என் தங்கச்சி. கிரேக்க நாட்டுக் கதை எல்லாம் அத்துப்படி" என்று அறிமுகம் செய்தாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மாமா டீ குடிக்கப் போயிருந்தார். ஃபாரம் தலையணைக்கு அடியில் இருந்தது.

"ம், படி."

முதல் தாளை எடுத்துப் படித்தேன். கால் மரத்தது, இடுப்பு வரை வந்தது, துணியை விலக்கினார், ஒரு சேவல் என்றார். அங்கே நிறுத்திவிட்டேன்.

"அடுத்த பேப்பரை எடு."

"அடுத்த பேப்பர் இது இல்லக்கா."

"பின்ன எது?"

"ரெண்டும் வேற வேற பாடம். நான்தான் தெரியாம சேர்த்துப் பின் அடிச்சிட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது." தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அவரு எழுந்துக்கலக்கா. அதோட போயிட்டாரு."

பக்கத்துக் கட்டில் அம்மா, "ஐயோ" என்றார்.

அக்கா கேட்டாள்: "செத்துக்கினு இருக்கிறவன் எதுக்குடி சேவல் குடுக்கச் சொன்னான்?"

"அது யாருக்கும் சரியாத் தெரியலையாம். பரீட்சையில அஞ்சு மார்க் கேள்வி."

"இதுல தெரியாதது இன்னா கீது?" என்றாள் அக்கா. "யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு வேண்டிக்கினு இருந்திருப்பான். பொண்டாட்டிக்கோ, புள்ளைக்கோ. அது பொழைச்சிருக்கும். இவன் சேவலைக் குடுக்காம நாளைக்கு நாளைக்குன்னு விட்டிருப்பான். சாவப்போற நேரத்துல ஞாபகம் வந்திருக்கும். நமக்கு வராதா?"

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

"உனக்கு ஒம்பது வயசுல டைபாய்டு வந்துதே, ஞாபகம் கீதா?" என்றாள். "பன்னெண்டு நாளு கண்ணைத் தொறக்கல. இரும்புலியூர் ஏரிக்கரை முனீஸ்வரன் கிட்ட நான்தான் போய் வேண்டிக்கினேன். ஒரு சேவல் தரேன், இவளை எழுப்பி விடுன்னு. நீ ஏந்துட்ட. அப்பாவும் சேவல் வாங்கியாந்து கட்டி வெச்சாரு. அன்னிக்குன்னு சித்தப்பா குடும்பத்தோட வந்து எறங்கினாரு. வூட்ல வேற ஒண்ணும் இல்ல. அம்மா அடிச்சுக் கொழம்பு வெச்சிட்டா. வேற சேவல் வாங்கிக்கலாம்னாங்க. வாங்கவே இல்ல. அப்புறம் என் கல்யாணம், புள்ளைங்க. ஏரிக்கரையில பிளாட் போட்டாங்க. அப்புறம் அம்மா."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா ஏந்துக்கலையே, அன்னிக்கே நெனச்சேன். அந்தச் சேவல்தான். வேண்டினது நான். அடிச்சது அம்மா. அடுத்தது என் முறை. ஊசிக்கா பயந்தேன்னு நெனச்சீங்க?"

இந்த முப்பது வருஷமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள் இதை மட்டும் உள்ளே வைத்திருந்தாள். எனக்காக வேண்டிக்கொண்ட சேவல். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"அந்தக் கொழம்பை நானும் சாப்பிட்டேனா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டியாவா? கால் பீஸே உனக்குத்தான். காய்ச்சல்ல கெடந்த புள்ள, தெம்பு வேணும்னு அம்மா ரெண்டு காலையும் உன் தட்டுலதான் வெச்சா. சித்தப்பாவுக்குக் கூட இல்ல."

எனக்கு அப்போது பெட்டியில் கிடந்த இன்னொரு தாள் ஞாபகம் வந்தது. அது பின் அடித்த தாள் இல்லை. தனித் தாள், அரைப் பக்கம்தான். நேற்று அந்தப் பெண்ணின் நோட்ஸில் மதப் பாடத்திலும் அதை முன்பின் பக்கங்களோடு பார்த்திருந்தேன், அதனால் தைரியமாகச் சொன்னேன்.

"அக்கா, அந்த ஊர்ல பலி குடுத்தா சாமிக்குப் புகை மட்டும்தான். கறியை மனுஷங்கதான் பங்கு போட்டுச் சாப்பிடுவாங்க. அதான் முறையே."

"நெஜமாவா? இல்ல, இதையும் எதோடயாவது பின் அடிச்சியா?"

"இல்லக்கா. இது சரியான பேப்பர்."

அக்கா யோசித்தாள். "அப்ப முனீஸ்வரனுக்குப் புகை போச்சான்னு எப்படித் தெரியும்?"

"விறகு அடுப்புதானே. வீடு பூரா புகைதானே."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "ஏரிக்கரை வரைக்கும் போயிருக்கும்" என்றாள். பிறகு முகம் மாறியது. என் கையைப் பிடித்தாள்.

"இருந்தாலும் ஒண்ணு குடுத்துடணும்டி. அந்த முனீஸ்வரன் கோயிலு இப்ப ரோட்டோரம் டைல்ஸ் போட்டு, கம்பி கேட் வெச்சுக் கீது. நாளைக்கு எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீ குடுத்துடு. மறந்துடாதே."

அதே வார்த்தை. நேற்று மெஷினில் இருந்து சூடாக வந்த தாளில் இருந்த அதே வார்த்தை. அந்த நண்பர் ஆகட்டும் என்று சொன்னார். நான் அந்தத் தாளைப் படிக்காமல் இருந்திருந்தால் நானும் தலையை ஆட்டியிருப்பேன். எனக்குத் தெரிந்த வேலையே அதுதான்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

"இன்னாது?"

"குடுக்க மாட்டேன். நீ வேண்டினது, நீ வந்து குடு. நான் சாப்பிட்டவ. நான் கொண்டு போய்க் குடுத்தா சாமி எப்படி வாங்கும்?"

என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. எதிர்க் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீ கிளாசோடு திரும்பி வந்த மாமா வாசலிலேயே நின்றார். நர்ஸ் வந்து, "இன்னா சத்தம் இங்க? பேஷன்ட்டா, விசிட்டரா?" என்று கேட்டார். நான் விசிட்டர் என்றேன். அதுவும் சத்தமாகத்தான் வந்தது.

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். ஒன்பது வயசில் கண் திறந்தபோது அவள் இப்படித்தான் என்னைப் பார்த்திருப்பாளோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது நான் இரண்டு தாளையும் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

"அந்தாளு பாவம்" என்றாள் அக்கா. "கூட நின்னவன் மாட்டேன்னு சொல்லியிருந்தா ஏந்து வந்திருப்பான்."

பிறகு நர்ஸைப் பார்த்து, "சிஸ்டர், பேனா குடுங்க" என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து ஃபாரத்தை எடுத்தாள். எங்கே போட வேண்டும் என்று நர்ஸ் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். என் கையிலிருந்த தாள்களை வாங்கி, பின்னைப் பிடுங்கி, இரண்டையும் தனித்தனியாக என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழு மணிக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். கம்மல் என்னிடம் இருந்தது. மூக்குத்தி கழலவில்லை, மேலே பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஒன்பதே முக்காலுக்கு வெளியே கொண்டு வந்தார்கள். கண் திறந்திருந்தது. தண்ணீர் கேட்டாள், சாயங்காலம் வரைக்கும் கூடாது என்றார்கள். கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மாமா கூட இருந்தார். நான் மூன்று மணிக்குக் கடையைத் திறந்தேன்.